ஹிட்ச்காக் படங்களின் நாயகியர் வெறும் காட்சிப்பொருள்தானா?

இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் மர்மப் படங்களில் நாயகிகள் ஆண்களின் பார்வைக்கு விருந்தாக மட்டுமே வைக்கப்பட்டிருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி உண்மை என்பேன். கேமராவும் நாயகனும் பார்வையாளரும் ஒரே கண்ணால் பெண்ணைப் பார்க்கிறார்கள் என்பதை 'ஆண் நோக்கு' என்று பெயரிட்டு 1975இல் கட்டுரை எழுதிய திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி, அதற்குக் காட்டிய சான்றுகளில் ஒன்று 1958இல் வெளியான ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'. (இனி வருவதில் கதையின் முடிச்சு அவிழ்ந்துவிடும்.)

படத்தின் முற்பகுதி அவர் சொன்னபடியேதான் நகர்கிறது. முன்னாள் துப்பறிவாளரான ஸ்காட்டி, நண்பனின் மனைவி என்று தான் நம்பும் மேடலினைப் பின்தொடர்ந்து பூக்கடை வரை போய், சற்றே திறந்த கதவின் இடுக்கு வழியே எட்டிப் பார்க்கிறான்; கதவிலுள்ள கண்ணாடியில் அவள் முழு உருவமும், பக்கத்து இடுக்கில் அவன் கண்ணும் ஒரே ஃப்ரேமில் தெரிகின்றன. நெடுநேரம் அவள் குரலே நமக்குக் கேட்பதில்லை.

பிறகு மேடலின் இறந்துவிட்டதாக நம்பும் ஸ்காட்டி, அவளைப் போலவே இருக்கும் ஜூடியைச் சந்திக்கிறான். ஆனால் படம் முடிய இன்னும் வெகுநேரம் இருக்கும்போதே, ஜூடி கேமராவை நோக்கித் திரும்புகிறாள். தானே மேடலினாக நடித்தவள் என்ற உண்மை ஸ்காட்டிக்குத் தெரியும் முன்னரே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதன்பின் அவன் அவளுக்குச் சாம்பல் நிற உடை வாங்கி, கூந்தலைப் பொன்னிறமாக்கி, கொண்டை சரியில்லை என்று மறுபடி திருத்தச் சொல்லும்போது நாம் அவன் கண்ணால் பார்ப்பதில்லை. பச்சை நியான் ஒளியில் அவள் நடந்து வருவது அவனுக்கு அற்புதம். நமக்கோ ஒருத்தி தன்னையே அழித்துக்கொள்ளும் காட்சி. அவளாக நடித்த கிம் நோவாக்கின் தயங்கிய நடை இல்லையென்றால் இது இந்த அளவுக்கு உறைத்திருக்காது.