“ஊர்ப் பக்கம் நடப்பதெல்லாம் வெறும் சத்தம்தானே?”

கேள்வி: புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவன் நான். சனி, ஞாயிறு வந்தால் கடற்கரைச் சாலையில் கால் வைக்க முடியவில்லை. பாட்டு, ஆட்டம், கண்காட்சி எல்லாம் வெளியூர்க்காரர்களுக்காகவே நடக்கின்றன. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 கொண்டாட்டம்கூட அவர்கள் போட்டோ எடுக்கத்தான். உள்ளூர்க்காரனுக்கு என்ன இருக்கிறது? ஊர்ப் பக்கம் நடக்கும் கூத்தும் மேளமும் வெறும் சத்தம். அதைக் கலை என்று சொல்ல மனம் வரவில்லை. உருப்படியாக ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. இந்த ஊருக்கு ஏன் இந்த நிலை?
– ஒரு வாசகர், லாஸ்பேட்டை

பதில்: உங்கள் கடிதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையை அடைத்து, மறுநாள் காலை ஏழரை வரை வண்டி விடாமல் வைத்திருப்பது நம் ஊர் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. என்றாலும் அந்தச் சாலையில் வார நாட்களில் கிடைக்கிற காற்றும் இடமும் வாரக் கடைசியில் கிடைப்பதில்லை. காந்தி சிலைக்குப் பின்னால் உட்கார்ந்து கதை பேசிய பெரியவர்கள் சனிக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அது எனக்கும் வருத்தம்தான்.

ஆனால் ‘வெறும் சத்தம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த கூத்து வாத்தியார் ஒருவர் இருக்கிறார். நாற்பது வருடமாக வேஷம் கட்டுகிறவர். சில வருடங்களுக்கு முன்பு ஒரு விடுதியிலிருந்து அவரை அழைத்தார்கள். மதியமே போய், முகத்தில் அரிதாரம் பூசி, புருவமும் மீசையும் எழுதி, புஜக்கட்டை, மார்புப் பதக்கம், கிரீடம் எல்லாம் கட்டி அர்ச்சுனனாகத் தயாராகிவிட்டார். கிரீடம் அசையாமல் இருக்க நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டுவார்கள். கொஞ்ச நேரத்திலேயே தலை விண் விண்ணென்று தெறிக்கும். ஆடும்போது அது தெரியாது. அன்று அவரை ஆடச் சொல்லவில்லை. வாசலில் நிறுத்தி, காரிலிருந்து இறங்குகிறவர்களுக்குப் பன்னீர் தெளிக்கச் சொன்னார்கள். மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார். “ஒரு விருத்தம் பாடட்டுமான்னு கேட்டேன் சார். வேண்டாம், சத்தம் போடாதீங்கன்னுட்டாங்க” என்றார். கூலி குறைவில்லை, கிராமத்தில் கிடைப்பதைவிட அதிகம். ஆனாலும் மறுமுறை அழைத்தபோது அவர் போகவில்லை.

விடுதிக்காரர்களும் சத்தம் என்றார்கள், இந்த ஊரில் பிறந்த நீங்களும் அதையே சொல்கிறீர்கள். அவர்களுக்குக் கூத்து தெரியாது என்று விட்டுவிடலாம். உங்களை அப்படி விட எனக்கு மனம் வரவில்லை.

ஒரே ஒரு முறை முழுதாகப் பாருங்கள். புதுச்சேரியைச் சுற்றி, விழுப்புரம், கடலூர் வரைக்கும், திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பத்து மணிக்கு மேல்தான் களை கட்டும். ஆர்மோனியமும் மத்தளமும் முகவீணையும் சேர்ந்து எழும்போது, பிடிக்கப்பட்ட திரைக்குப் பின்னாலிருந்து வேஷக்காரரின் குரல் முதலில் வரும். ஆள் பிறகுதான் வருவார். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து உள்ளூர்ச் சங்கதியை இழுத்துப் போட்டுச் சிரிக்க வைப்பான். பதினெட்டாம் போர் முடிந்த காலையில், களிமண்ணால் செய்து தரையில் கிடத்தியிருக்கும் துரியோதனனைச் சுற்றி ஊரே நிற்கும். தொடையைப் பிளந்ததும் அதிலிருந்து வழிகிற சிவப்பைத் தொட்டுத் திரௌபதியின் கூந்தலை முடிப்பார்கள். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசமாட்டார்கள். பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி தன் தலைமுடியையும் அவிழ்த்துத் தட்டி மறுபடி முடிந்துகொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அவள் முகம் அப்போது இருந்த விதத்தை எந்த அரங்கத்திலும் நான் கண்டதில்லை.

பாரிஸின் பெயர்பெற்ற நாடகக் குழுவான தெயாத்ர் து சொலெய்யை நடத்தும் அரியான் முனுஷ்கின், 2015–16 பனிக்காலத்தில் நம் புதுச்சேரியில்தான் நாடகப் பயிற்சி முகாம் நடத்தினார். இங்கிருந்து திரும்பிப் போய் அவர் 2016இல் மேடையேற்றிய நாடகத்தில் தெருக்கூத்துக்குப் பெரிய இடம் கொடுத்தார். அதற்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தன் தம்பிரானிடம் அந்த நடிகர்கள் கூத்து படித்தார்கள். மாதக்கணக்கில் அடவு பழகி, தமிழ்ப் பாட்டையே பாடி ஆடினார்கள். வெள்ளைக்காரர் மெச்சினால்தான் நமக்கு மதிப்பு என்று சொல்ல வரவில்லை. கூத்து விடிய விடிய ஆடிய காலத்தில் பாரிஸ் எங்கே இருக்கிறது என்றுகூட அந்த ஊர்களுக்குத் தெரியாது. ஆனால் பத்தாயிரம் மைல் போய் வருகிறவர்கள் உட்கார்ந்து படிக்கிற ஒன்றை, பத்து மைல் தள்ளி இருக்கிற நாம் காதைப் பொத்திக்கொண்டு கடந்துபோவது எனக்கு வலிக்கிறது.

உங்கள் ‘சத்தம்’ என்ற சொல்லுக்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு விரும்பினால், வருடத்தில் பதினைந்து நாட்களுக்கு மிகாமல், திருவிழாக்களுக்கு நள்ளிரவு பன்னிரண்டு வரை விலக்கு தரலாம். அதற்கு மேல் இல்லை. நோயாளிகளும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், விதி தேவைதான். ஆனால் பத்து மணிக்குத் தொடங்கி விடியலில் முடிகிற கலைக்கு இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம், கூத்தை மாலை ஏழுக்கு இழுத்து ஒன்பதரைக்கு முடி என்கிறார்கள். இரண்டரை மணி நேரத்தில் கர்ணனைக் கொல்லலாம்; அவன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுவதைப் பாட முடியாது. கூத்தின் உயிரே அந்த விடைபெறுதலில் இருக்கிறது.

சரி, கூத்தை விடுங்கள். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் போயிருக்கிறீர்களா? கடற்கரைச் சாலையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து நம் கடலுக்கு வருகிறார்கள். உள்ளூர்க் கோயில்களும் சேர்ந்து நூற்றுக்கு மேற்பட்ட உற்சவர்கள் மணலில் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொரு சாமியோடும் அந்தந்த ஊர் மேளம் வரும். ஒரு செட் ஓய்ந்தால் பக்கத்துச் செட் எடுக்கும். இரண்டு தவில்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களென்றால் போதும், போட்டி தொடங்கிவிடும். கச்சேரி மேடையில் காசு கொடுத்துக் கேட்கிற தனி ஆவர்த்தனத்துக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. இந்த மண்ணின் தவில் கலைஞர் தட்சிணாமூர்த்திக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்களே, அந்த வாசிப்பு இப்படிப்பட்ட வீதிகளில் வளர்ந்த கலை. டிக்கெட் இல்லை, அழைப்பிதழ் இல்லை என்பதற்காக அதைச் சத்தம் என்று தள்ளிவிடுவீர்களா?

ஜூலை 14 பற்றியும் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். கேமராக்கள் நிறைய வருகின்றன, உண்மை. ஆனால் பிரெஞ்சுப் போர் நினைவிடத்தின் முன்னால், மார்பில் பதக்கம் குத்தி வெயிலில் நிற்கிற பெரியவர்கள் யார்? பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களை நம் தெருக்களில் ‘சொல்தா’ என்று கூப்பிடுகிறோமே, அவர்கள். புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்கள். வீட்டில் பேசுவது தமிழ், பென்ஷன் வருவது பிரான்சிலிருந்து. முந்தின இரவு விளக்குகளை ஏந்திக்கொண்டு ஊர்வலம் போகிறவர்களில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த வரிசை குறைகிறது. அது சுற்றுலாத் துறை கண்டுபிடித்த விழா இல்லை, நம் அண்டை வீட்டுக்காரர்களின் வாழ்க்கை.

‘சென்னைக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது’ என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் கம்பன் கலையரங்கத்தில் மூன்று நாள் கம்பன் விழா நடக்கும்போது, அதைக் கேட்கச் சென்னையிலிருந்து இங்கே பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நம் ஊரில் கேட்டுப் பெற வேண்டியவை உண்டு, அதை மறைக்கவில்லை. கூத்துக்கென்று விடிய விடிய ஆட ஓர் அடைத்த அரங்கம் வேண்டும். மூடிய இடத்துக்கு அந்தப் பத்து மணி விதி வேறு. காந்தி திடலில் வாரக் கடைசியில் நடக்கும் நிகழ்ச்சிகளில் உள்ளூர்ச் செட்டுகளுக்கு இருபது நிமிடம் ஒதுக்காமல் ஒரு முழு மாலையைக் கொடுக்க வேண்டும். எந்த ஊரில் என்றைக்குப் பாரதம் தொடங்குகிறது என்று முன்கூட்டியே சொல்கிற ஒரு பட்டியல் வேண்டும். இப்போது அது சுவரொட்டியில் மட்டும் இருக்கிறது, மூன்றாம் நாளே அதன் மேல் அடுத்த சுவரொட்டி ஏறிவிடுகிறது. வருகிற பங்குனியிலிருந்து அந்தப் பட்டியலை இந்தப் பத்திரிகையிலேயே போட முடிவு செய்திருக்கிறேன். உங்கள் கடிதத்தால் நடந்த நன்மை அது, அதற்கு நன்றி.

ஆடி ஐந்தாம் வெள்ளிக்கு வீராம்பட்டினம் வாருங்கள். மீனவர் வலையில் மரக்கட்டையாக வந்தவள் என்று ஊரார் சொல்லும் செங்கழுநீர் அம்மனுக்குத் தேர். பிரெஞ்சு கவர்னர் வடம் தொட்டுத் தொடங்கிவைத்த பழக்கம், இன்றைக்குத் துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிறது. ஆனால் தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது வலை இழுத்துக் காய்த்த கைகள்தான். சீக்கிரம் வந்து, வண்டியை அரியாங்குப்பத்திலேயே விட்டுவிட்டு நடந்து வந்துவிடுங்கள். வடத்தில் ஓர் இடம் கிடைக்கும், பிடித்து இழுங்கள். உள்ளங்கை இரண்டு நாளைக்கு எரியும். அந்த எரிச்சல் இருக்கும்போதே எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள், அரைப் பக்கம் ஒதுக்கி வைக்கிறேன்.