வெஸ்ட் இண்டீஸுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடாமல் போன மிகச் சிறந்த பந்துவீச்சாளர் யார்?

ஃபிராங்க்ளின் ஸ்டீபன்சன். எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. பார்படாஸ்காரர், 1959இல் பிறந்தவர். சிலர் சில்வெஸ்டர் கிளார்க் பெயரைச் சொல்வார்கள். ஆனால் கிளார்க் 11 டெஸ்ட் ஆடியிருக்கிறார். ஸ்டீபன்சனுக்கு ஒரு டெஸ்டும் இல்லை, ஒரு சர்வதேச ஒருநாள் போட்டியும் இல்லை.

அவர் யார் என்று தெரிய 1988ஆம் ஆண்டு ஒன்றே போதும். நியூசிலாந்து ஆல்ரவுண்டர் ரிச்சர்ட் ஹாட்லி விட்டுப்போன இடத்துக்கு இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர் கவுண்டி அணி ஸ்டீபன்சனைக் கொண்டுவந்தது. முதல் சீசனிலேயே 125 விக்கெட், 1,018 ரன். 1969இல் கவுண்டி ஆட்டங்களைக் குறைத்ததற்குப் பிறகு ஒரே சீசனில் ஆயிரம் ரன்னும் நூறு விக்கெட்டும் எடுத்தவர்கள் இரண்டே பேர்: 1984இல் ஹாட்லி, 1988இல் இவர்.

அந்த ஆயிரம் வந்த விதம்தான் அழகு. சீசனின் கடைசி ஆட்டம், டிரெண்ட் பிரிட்ஜில் யார்க்‌ஷயருக்கு எதிராக. விக்கெட் நூறை எப்போதோ தாண்டியாயிற்று. ரன் மட்டும் இன்னும் 210 பாக்கி. பந்துவீச வந்த மனிதர் ஒரே ஆட்டத்தில் 210 ரன் எடுப்பார் என்று யார் நினைப்பார்கள்? முதல் இன்னிங்ஸில் 111, இரண்டாவதில் 117 அடித்தார். பந்துவீச்சிலும் நான்கு, ஏழு என்று மொத்தம் 11 விக்கெட். ஒரே முதல்தர ஆட்டத்தில் (பல நாள் நடக்கும் உயர்மட்ட ஆட்டம்) இரண்டு சதமும் பத்து விக்கெட்டுக்கு மேலும் என்பதை அவருக்கு முன் செய்தவர்கள் 1905இல் போசன்கே, 1906இல் ஜார்ஜ் ஹர்ஸ்ட். ஹர்ஸ்ட் எடுத்த ரன்களும் இதே 111, 117தான்! இவ்வளவு செய்தும் நாட்டிங்ஹாம்ஷயர் அந்த ஆட்டத்தில் தோற்றுப்போனது.

அப்புறம் அந்த ஸ்லோ பால், வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் பந்து. நல்ல உயரமான ஆள், வேகமாக ஓடிவந்து கையை முழுவேகத்தில் சுழற்றுவார். பந்து பேட்ஸ்மேனின் தலைக்கு நேராகக் கிளம்பும். பீமர் (தரையில் படாமல் நேராக உடம்புக்கு வரும் பந்து) என்று நினைத்து அவர் குனிவார், சிலர் முதுகையே திருப்பிக்கொள்வார்கள். பந்து கடைசி நேரத்தில் தொப்பென்று இறங்கி ஸ்டம்பையோ காலையோ தாக்கும். குனிந்த நிலையிலேயே போல்டு, இல்லை எல்பிடபிள்யூ. பின்னாளில் சேப்பாக்கத்தில் பிராவோ வீசிய இறங்கும் ஸ்லோ பாலைக் கொண்டாடிய நமக்கு இதன் மதிப்பு நன்றாகவே புரியும். டி20 என்ற பேச்சே இல்லாத காலத்தில், அதுவும் நாலு நாள் ஆட்டத்தில், இதை வைத்து விக்கெட் எடுத்திருக்கிறார்.

சரி, இப்படிப்பட்டவர் ஏன் ஆடவில்லை? காரணம் தென்னாப்பிரிக்கா. 1983 ஜனவரியில் லாரன்ஸ் ரோ தலைமையில் வெஸ்ட் இண்டீஸ் வீரர்களின் ஓர் அணி அங்கே போனது. நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த, உலக கிரிக்கெட் ஒதுக்கிவைத்திருந்த நாடு. ஸ்டீபன்சனுக்கு அப்போது 23 வயது. அதற்கு முந்தைய சீசனில்தான் பார்படாஸுக்காக இரவுக்காவலனாக (நாள் முடியும் நேரத்தில் முக்கிய பேட்ஸ்மேனைக் காக்க முன்கூட்டியே அனுப்பப்படுபவர்) இறங்கி 165 அடித்திருந்தார். ஆனால் ராபர்ட்ஸ், ஹோல்டிங், கார்னர், மார்ஷல் எல்லாம் இருந்த காலத்தில் புதிய பந்துவீச்சாளருக்கு அணியில் எங்கே இடம்? பணமோ பெரிய பணம். போனார். திரும்பியபோது எல்லோருக்கும் வாழ்நாள் தடை.

அந்தத் தடை தவறு என்று நான் சொல்ல மாட்டேன். கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமையே இல்லாத நாட்டில் வெள்ளையருக்கான வசதிகளைத் தற்காலிகமாகத் தரும் ‘கௌரவ வெள்ளையர்’ என்ற தகுதியோடு ஆடுவது சின்ன விஷயமில்லை. விவ் ரிச்சர்ட்ஸும் ஹோல்டிங்கும் கைக்கு வந்த பெரும் பணத்தை வேண்டாம் என்றார்கள். அந்த மரியாதை அவர்களுக்கு என்றும் உண்டு. ஸ்டீபன்சனோ தன் முடிவைப் பின்னாளிலும் நியாயப்படுத்தியே பேசினார். அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எனக்கு ஆறாதது அதற்குப் பிறகு நடந்ததுதான். 1989இல் தடை நீங்கியது. அதே பயணத்தில் போன இன்னொரு பார்படாஸ்காரர் எஸ்ரா மோஸ்லியை 1990இல் இங்கிலாந்துக்கு எதிராக எடுத்தார்கள். போர்ட் ஆஃப் ஸ்பெயின் டெஸ்டில் இங்கிலாந்து கேப்டன் கூச்சின் கையை உடைத்தது அவர் வீசிய பந்துதான். ஆக, கதவு திறந்துதான் இருந்தது. மோஸ்லிக்கு அப்போது 32 வயது, ஸ்டீபன்சன் அவரைவிட இளையவர், விஸ்டன் கிரிக்கெட் ஆண்டுமலர் 1989க்குத் தேர்ந்தெடுத்த சிறந்த ஐந்து வீரர்களில் ஒருவர், பேட்டிங்கும் தெரிந்தவர். அம்புரோஸ், பிஷப், வால்ஷ், மார்ஷல் இருக்கும்போது போட்டி கடுமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மோஸ்லிக்கு இரண்டு டெஸ்ட் கொடுக்க முடிந்தவர்கள் இவருக்கு ஒன்றாவது கொடுத்திருக்கலாம். விக்கெட் கீப்பர் டுஜானுக்குப் பின் ஏழாம் எண்ணில் நிலையான ஆல்ரவுண்டர் இல்லாமல் வெஸ்ட் இண்டீஸ் பல வருடம் ஓட்டியது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. 1989இல் நாட்டிங்ஹாம்ஷயரோடு பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் ஒருநாள் கோப்பை, பிறகு இங்கிலாந்தில் சசெக்ஸ், தென்னாப்பிரிக்காவில் ஆரஞ்ச் ஃப்ரீ ஸ்டேட் என்று 1990களின் நடுப்பகுதிவரை ஆடினார். முதல்தர கிரிக்கெட்டில் எண்ணூறுக்குச் சற்றுக் குறைவான விக்கெட், எட்டாயிரத்துக்கு மேல் ரன். அதன் பிறகு பார்படாஸில் கோல்ஃப், தன் பெயரிலேயே ஓர் அகாடமி, சிறுவர்களுக்குப் பயிற்சி என்று இருந்துவிட்டார்.