கல்லறைகளைக் கண்டு அஞ்சும் அரசுகள்

கேள்வி: தென் கொரியாவின் குவாங்ஜு நகரில் 1980-ல் கொல்லப்பட்டவர்களுக்கு அந்நாட்டு அரசே ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறது. சீனாவிலோ 1989-ல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கப் போராட்டத்தை இராணுவம் சுட்டு ஒடுக்கியது பற்றி வாய் திறக்க முடியவில்லை. ஓரிடத்தில் மக்களாட்சி இருக்கிறது, மற்றோரிடத்தில் இல்லை என்பது மட்டும்தான் காரணமா? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: அது பாதிக் காரணம்தான். குவாங்ஜுவின் நினைவை விடாப்பிடியாகச் சுமந்தவர்களே தென் கொரியாவில் மக்களாட்சிக்கான போராட்டத்திலும் முன்வரிசையில் நின்றார்கள். மக்களாட்சி வந்த பிறகு யாரோ அந்த நினைவைத் தேடி எடுத்து வைக்கவில்லை.

1980 மே 17 இரவு, தளபதி சுன் டூ-ஹ்வானின் பிடியில் இருந்த அரசு இராணுவச் சட்டத்தை நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தியது. மறுநாள் சோன்னாம் பல்கலைக்கழக வாசலில் மாணவர்கள் மீது பாராசூட் படையினர் பாய்ந்ததில் தொடங்கி, மே 27 விடியலில் மக்கள் வசம் போயிருந்த நகரை இராணுவம் டாங்குகளுடன் திரும்பக் கைப்பற்றியது வரையிலான பத்து நாள்களில் 160-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தது உறுதியாகியிருக்கிறது. காணாமல் போனவர்கள் தனி. மாங்வோல்-டாங் இடுகாட்டுக்குச் சில உடல்கள் குப்பை லாரிகளில் கொண்டுபோகப்பட்டன. அரசு இதைக் கலகம் என்றது. இறந்தவர்களின் குடும்பங்கள் அங்கே ஒன்றுகூடத் தொடங்கியதும், பணம் கொடுத்தும் நெருக்கடி தந்தும் கல்லறைகளை வெவ்வேறு ஊர்களுக்கு மாற்ற அதிகாரிகள் முயன்றார்கள். சிலர் இணங்கினார்கள், பலர் மறுத்தார்கள். ஜெர்மானிய ஒளிப்பதிவாளர் யூர்கன் ஹின்ஸ்பீட்டர் பிஸ்கட் டப்பாவில் மறைத்து வெளியே கொண்டுபோன படச்சுருள்கள் பின்னர் நாட்டுக்குள் திரும்பி வந்து, தேவாலயங்களிலும் கல்லூரிகளிலும் கமுக்கமாகத் திரையிடப்பட்டன.

அந்த இடுகாட்டின் நுழைவழியில் ஒரு கல் பதிக்கப்பட்டிருக்கிறது. 1982-ல், அதற்குள் அதிபராகிவிட்டிருந்த சுன் பக்கத்து மாவட்டமான தாம்யாங்கில் ஒரு கிராமத்தில் இரவு தங்கியதன் நினைவாக அங்கே வைக்கப்பட்ட கல்வெட்டு அது. 1989-ல் அதை உடைத்து எடுத்துவந்து, அஞ்சலி செலுத்த வருகிறவர்கள் மிதித்துச் செல்லும்படி தரையில் புதைத்துவிட்டார்கள். சுன்னின் மீது மரண தண்டனைத் தீர்ப்பு வந்ததோ 1996-ல்தான். அதுவும் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 1997 டிசம்பரில் மன்னிப்பில் முடிந்தது.

சீனாவிலும் குடும்பங்கள் வாளாவிருக்கவில்லை. பதினேழு வயது மகனைப் பறிகொடுத்த பேராசிரியை டிங் ஜீலினும் அவருடன் சேர்ந்த தாய்மார்களும் வீடு வீடாக விசாரித்து, இறந்தவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைத் திரட்டினார்கள். பெய்ஜிங்கின் வான்ஆன் இடுகாட்டுக்கு அவர்கள் போவது இன்றும் காவல்துறையின் கண்காணிப்பில்தான். குவாங்ஜுக்காரர்களுக்கு 1987-ல் மக்கள் போராட்டத்தால் கிடைத்த அரசியல் திறப்பு இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஆவணங்களைப் பாதுகாக்கவும் ஆண்டுதோறும் கூடவும் இவர்களுக்கு ஹாங்காங் என்றொரு வெளி இருந்தது. அங்கே விக்டோரியா பூங்காவில் 1990 முதல் நடந்துவந்த மெழுகுவத்தி அஞ்சலி, 2020-ல் கொரோனாவைக் காரணம் காட்டித் தடை செய்யப்பட்டது. மறு ஆண்டு டிசம்பரில் ஹாங்காங் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த தியானன்மென் நினைவுச் சிற்பமும் இரவோடு இரவாக அகற்றப்பட்டது. இருட்டடிப்பு பெரும்பாலும் இப்படிச் சுகாதார விதி, கட்டடப் பாதுகாப்பு என்ற அலுவலகக் காரணங்களோடுதான் வருகிறது.

கேள்வி: அரசே நினைவு நாள் அறிவித்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? (வாசகி, திருவாரூர்)

பதில்: தீரவில்லை என்பதற்குக் குவாங்ஜுவே எடுத்துக்காட்டு. மே 18 அங்கே 1997 முதல் அரசு நினைவு நாள். ஆனாலும் 2009-ல் தொடங்கி, நினைவேந்தலில் எல்லோரும் எழுந்து நின்று சேர்ந்து பாடிவந்த போராட்டப் பாடலை இனிக் குழுவினர் மட்டும் பாடினால் போதும் என்று பழமைவாத அரசுகள் சடங்கு விதியை மாற்றின. பாட்டைத் தடை செய்யவில்லை, கூட்டத்தின் வாயை மட்டும் அடைத்தார்கள்! 2017-ல் ஆட்சி மாறிய பிறகே எல்லோரும் சேர்ந்து பாடுவது மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

அதே ஆண்டு வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில், ஹெலிகாப்டரிலிருந்து சுடப்பட்டதைக் கண்டதாகச் சொன்ன ஒரு பாதிரியாரைப் பொய்யர் என்று சுன் இழித்துரைத்தார். நகரின் நடுவிலுள்ள ஜோனில் கட்டடத்தின் மேல்தளத்தை ஆய்வு செய்த தடயவியல் வல்லுநர்களோ, அங்கிருந்த துளைகள் ஹெலிகாப்டர் குண்டுகளால் ஏற்பட்டிருக்கக்கூடும் என்றார்கள். அந்தத் துப்பாக்கிச் சூடு நடந்தது என்று ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், ஏற்கெனவே இறந்துபோயிருந்த அந்தப் பாதிரியாரின் பெயருக்குக் களங்கம் விளைவித்ததற்காக 2020-ல் சுன்னுக்கு எட்டு மாதச் சிறைத் தண்டனை விதித்து, அதை நிறுத்தியும் வைத்தது. மறு ஆண்டு மன்னிப்புக் கேட்காமலே அவர் இறந்துபோனார்.

குவாங்ஜு பற்றிப் பொய் பரப்புவோருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்று இப்போது சட்டம் இருக்கிறது. குடும்பங்களின் கோபம் புரிந்தாலும், அந்தச் சட்டம் எனக்கு உவப்பானதல்ல. எது உண்மை என்று முடிவு செய்யும் பொறுப்பை அரசிடம் விட்டால் அடுத்து வருகிற அரசு அதை எப்படிக் கையாளும் என்பதை, அந்தப் பாட்டு விவகாரத்தில் குவாங்ஜுக்காரர்களே பார்த்திருக்கிறார்கள்.