ஆலும் வேலும் எதுவரை? பல் வைத்தியக் கேள்வி பதில்

கிராமத்துப் பல் வைத்தியம், மூலிகைகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் பல் மருத்துவர், சிவகங்கைப் பக்கம் வேலை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஈறுக்கு இலை உண்டு, பட்டை உண்டு. குழி விழுந்த பல்லை அடைக்கிற மூலிகை கிடையாது.

அருப்புக்கோட்டை: டாக்டர், ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பது உண்மையா? ஈறில் ரத்தம் வருகிறது.

உண்மைதான். ஆலம் விழுதின் இளநுனி, கருவேலங்குச்சி இரண்டிலும் துவர்ப்பு அதிகம். தோல் பதனிடுகிறவர்கள் வேலம்பட்டையைத் தேடுவதும் இந்தத் துவர்ப்புக்காகத்தான். தளர்ந்த ஈறின் மேற்பரப்பை அது இறுக்குகிறது, ரத்தக் கசிவு கொஞ்சம் குறைகிறது.

ஆனால் தேய்க்கிற முறை முக்கியம். சுண்டுவிரல் தடிமனில் ஒரு சாண் பச்சைக்குச்சி போதும். நுனியை நார் நாராகப் பிரியும்வரை மெல்லுங்கள். ஈறிலிருந்து பல்லின் முனையை நோக்கி, ஒவ்வொரு பல்லாகத் தேயுங்கள். உள்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். மறுநாள் பழைய நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக மெல்லுங்கள். ரம்பம் அறுப்பது போலக் குறுக்கே இழுத்தால் ஈறு மேலேறி, பல்லின் கழுத்தில் பள்ளம் விழும். காலமெல்லாம் குச்சி பிடித்த பெரியவர்கள் பலரிடம் அந்தப் பள்ளத்தைப் பார்க்கிறேன். குச்சியை முறை தெரியாமல் பிடித்ததால் வந்தது அது.

அப்புறம், சீமைக்கருவேலம் இந்த வேல் அல்ல. அதை ஒடித்து வாயில் வைக்காதீர்கள்.

இரண்டு வாரத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றால் பல்லில் காறை, அதாவது கல்லாக இறுகிய அழுக்கு, கட்டியிருக்கும். காறையை எந்தப் பட்டையும் கரைக்காது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சர்க்கரை நோய் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருமங்கலம்: வேப்பங்குச்சியா, பிரஷ்ஷா?

ஒழுங்காகத் தேய்த்தால் அழுக்கை எடுப்பதில் இரண்டும் ஒன்றுதான். சொத்தையைத் தடுப்பதில் ஃபுளூரைடு பற்பசை ஒரு படி மேல்.

மானாமதுரை: அக்கா, கடைவாய்ப்பல்லில் குழி. பாட்டி சொன்னபடி கிராம்பு வைத்துக்கொண்டே சமாளிக்கிறேன். ஆறிவிடுமா?

ஆறாதும்மா. கிராம்பில் இருக்கும் யூஜினால் நரம்பை மரக்கச் செய்யும். நாங்களும் அதைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கிறோம், ஆக உங்கள் பாட்டி சொன்னது சரியான மருந்துதான். மருத்துவரிடம் போய்ச் சேரும்வரை ஒரு இரவைக் கடத்த அது உதவும். கிராம்பு எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெயில் கலந்து, பஞ்சில் தொட்டு, பல்லில் மட்டும் வையுங்கள். அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துவிடும். சிறுபிள்ளைகள் விழுங்கினால் ஈரலைக் கெடுக்கும்.

கவனமாக இருக்க வேண்டியது இதில்தான்: ஒருநாள் வலி தானாக நிற்கும். மூலிகை வேலை செய்துவிட்டது என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்திருக்கும், சீழ் வேருக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்.

விளாத்திகுளம்: எருக்கம்பால் வைக்கலாமா?

கூடாது. வாய் புண்ணாகும். கையில் ஒட்டிய பால் கண்ணில் பட்டால் கருவிழியே பாதிக்கும்.

கமுதி: டாக்டர், எங்கள் ஊரில் கண்டங்கத்திரி விதையைப் புகை போட்டுப் பல் பூச்சியை எடுக்கிறார்கள். நானே தண்ணீரில் பூச்சி விழுந்ததைப் பார்த்தேன். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை. பழுக்கக் காய்ச்சிய ஓட்டில் நல்லெண்ணெயும் விதையும் போடுவார்கள். மேலே சட்டியைக் கவிழ்த்து, பப்பாளித் தண்டு வழியாகப் புகையை வாய்க்குள் விடுவார்கள். கீழே தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதக்கும். அது விதையின் முளைக்கரு. கத்திரிக் குடும்பத்து விதைக்குள் முளை நூல் போலச் சுருண்டிருக்கும், சூட்டில் தோல் வெடித்ததும் வெளியே வந்துவிடும். ஒன்றை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: கால் இல்லை, வாய் இல்லை, ஒரு முனையில் இரண்டு சின்ன வித்திலைகள் இருக்கும்.

அதே கமுதி வாசகர்: அப்படியென்றால் எங்கள் அப்பத்தாவுக்கு வலி எப்படி நின்றது? படித்தவர்கள் எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்பீர்கள்.

நான் அந்தச் சொல்லையே சொல்லவில்லை. பல்வலி விட்டுவிட்டு வரும். உச்சத்தில் இருக்கும்போதுதான் வைத்தியரிடம் போகிறோம், அதற்குப் பிறகு எப்படியும் தணியும். சந்தேகம் இருந்தால் யாரையும் உட்கார வைக்காமல், வெறும் தண்ணீர்மேல் அதே புகையைப் போட்டுப் பாருங்கள். பூச்சி விழும்.

பரமக்குடி: நம் பாரம்பரியத்தை மட்டும்தான் இப்படிச் சோதிப்பீர்களா?

ஐரோப்பாவிலும் இதே கதைதான் ஐயா. அங்கே குரோசாணி ஓமத்தின் விதையைப் புகைத்தார்கள், அதுவும் கத்திரிக் குடும்பம். பிரான்சில் பியர் ஃபோஷார் என்ற பல் மருத்துவர் தேடிப் பார்த்தும் பூச்சி அகப்படவில்லை என்று 1728-லேயே எழுதினார். அவர்கள் விட்டுவிட்டார்கள், நாமும் விடலாம். கண்டங்கத்திரி இருமலுக்கு நல்ல மூலிகை, அதற்கு வைத்துக்கொள்வோம்.

புகை போட்ட கையோடு "பூச்சி போயிற்று" என்று நம்பி ஆறு மாதம் கழித்து வருகிறவர்களுக்குப் பல்லைப் பிடுங்குவது தவிர வேறு வழி இருப்பதில்லை. நான் இவ்வளவு நேரம் வாதாடுவது அதனால்தான்.

பென்னாகரம்: மகளுக்குப் பல் முழுக்கப் பழுப்புக் கோடு. எலுமிச்சை, உப்பு, உமிக்கரி எல்லாம் பார்த்தாயிற்று.

உடனே நிறுத்துங்கள். எலுமிச்சை எனாமலை அரிக்கும், உமிக்கரி தேய்க்கும். அது அழுக்காக இருக்க வாய்ப்பில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது. பல் ஈறுக்குள் உருவாகும்போதே விழுந்த கறை அது, பிள்ளை சரியாகத் தேய்க்கவில்லை என்று திட்டாதீர்கள். சமையலுக்கும் குடிக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பயன்படுத்துங்கள், வீட்டில் தம்பி தங்கைகள் இருந்தால் இது இன்னும் முக்கியம். இருக்கிற கறையைப் பல் மருத்துவரால் ஓரளவு மறைக்க முடியும்.

சாயல்குடி: சொத்தைக்கு நாயுருவி வேர்?

துலக்க நல்லது. குழியை அடைக்காது. மானாமதுரைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

இளையான்குடி: சொத்தைக்கு வேப்பெண்ணெய்?

அடைக்காது.

முதுகுளத்தூர்: வலிக்குப் புகையிலை அடக்கினால் கேட்கிறதே?

மரத்துப்போகும், புற்றுநோயும் வரும். பல்பொடி, பற்பசையில் புகையிலை சேர்ப்பதை 1992-லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது.

காரைக்குடி: கொய்யா இலை?

கஷாயம் வைத்துக் கொப்பளியுங்கள். ஈறு வீக்கத்துக்கு நல்லது.

தேவகோட்டை: அம்மா, என் கணவருக்குக் கடைசிப் பல் வலித்தது. இப்போது தாடைக்குக் கீழே வீங்கி, காய்ச்சல். வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. என்ன பத்து போடலாம்?

பத்து வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். சீழ் கழுத்துக்குள் இறங்கினால் மூச்சே அடைக்கும். இரவானாலும் பரவாயில்லை, பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு இப்போதே கூட்டிப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.