இரண்டு நீதிபதிகள், ஒரு சாட்சி

அன்புள்ள ஐயா,

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் அப்பா ஜாபராக (தொழிலாளர்களை வேலை வாங்கும் மேஸ்திரியாக) இருந்தார். சூப்பர்வைசரை அடிக்கக் கை ஓங்கினார் என்று மெமோ கொடுத்து டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். மில் நடத்திய உள்விசாரணை முறையாக இல்லை என்று லேபர் கோர்ட் முதலில் உத்தரவு போட்டது. பிறகு அந்த சூப்பர்வைசர் கோர்ட்டிலேயே சாட்சி சொன்னார், குறுக்கு விசாரணையில் நன்றாகத் தடுமாறினார். அதற்குள் நீதிபதிக்கு மாறுதல் வந்துவிட்டது. இப்போது புது நீதிபதி முன் வாதம். கேட்டவர் ஒருவர், தீர்ப்பு எழுதுபவர் இன்னொருவர் என்பது சரியா? முதல் உத்தரவையும் இவர் மாற்றிவிடுவாரா?

ச.

அன்புள்ள ச.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். அதில் நீங்கள் அதிகம் பயப்பட வேண்டியதில்லை. அப்பாவின் வழக்கு 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டப்படி தொடங்கியது என்று வைத்துச் சொல்கிறேன். உள்விசாரணை முறையாக நடந்ததா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும், இல்லையென்றால் நிர்வாகம் நீதிமன்றத்திலேயே சாட்சி விட்டுக் குற்றத்தை நிரூபிக்கலாம் என்று 1975இல் கூப்பர் இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதல் உத்தரவைக் காட்டி நடுவில் உயர் நீதிமன்றம் போய் வழக்கை முடக்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. மில்லுக்கு ஆட்சேபம் இருந்தால் இறுதித் தீர்ப்பு வந்தபின் சொல்லிக்கொள்ளட்டும். அந்தக் கட்டம் தாண்டிச் சாட்சியமும் முடிந்துவிட்டதால், புது நீதிபதி பொதுவாக அதற்குத் திரும்பிப் போகமாட்டார்.

முதல் கேள்விதான் கனமானது. சட்டப்படி இது சரி. நீதிபதி இடம் காலியாகிப் புதியவர் வந்தால், வழக்கு நின்ற கட்டத்திலிருந்தே தொடரலாம் என்கிறது அதே 1947 சட்டத்தின் 8ஆவது பிரிவு. ஒவ்வொரு மாறுதலுக்கும் முதலிலிருந்து விசாரித்தால் வேலையிழந்தவர் தாங்கமாட்டார்.

எழுவினாக்களை, அதாவது வழக்கில் தீர்மானிக்க வேண்டிய கேள்விகளை, இரண்டு பேர் பிரித்துத் தீர்மானிப்பதில் எனக்குக் குறையில்லை. நோட்டீஸ் போனதா, ஆவணம் கொடுத்தார்களா, குறுக்கு விசாரணைக்கு விட்டார்களா என்பதெல்லாம் பெரும்பாலும் காகிதத்தில் இருக்கும், யார் படித்தாலும் தெரியும். கை ஓங்கினாரா என்பது அப்படியல்ல. ஒரு மனிதரின் வாய்ச்சொல்லை நம்புவதா என்ற கேள்வி அது. அவர் பேசியதை நேரில் பார்த்தவரே அதைத் தீர்மானிப்பதுதான் நியாயம்.

சாட்சியம் பதிவாவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். "அப்போது எங்கே நின்றீர்கள்?" என்று வக்கீல் கேட்கிறார். சாட்சி மில் தரப்பு வக்கீலைப் பார்க்கிறார், தரையைப் பார்க்கிறார், ஆரம்பித்து நிறுத்துகிறார், பிறகு "ரிங் பிரேம் பக்கம்" என்று நூற்கும் இயந்திரத்தைச் சொல்கிறார். நீதிபதி சொல்ல, டைப் ஆவது: "நான் அப்போது ரிங் பிரேம் பகுதியில் இருந்தேன்." புது நீதிபதிக்குக் கிடைப்பது இந்த ஒற்றை வரிதான். சாட்சியின் நடத்தையைக் குறித்துவைக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 18, விதி 12 இடம் தருகிறது. குறிப்பவர்களும் குறைவு, குறிக்கச் சொல்லிக் கேட்கும் வக்கீல்களும் குறைவு. ஒரு குடும்பத்தின் பிழைப்பு இதில் தொங்குகிறதே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சாட்சிய நகலை வாங்கிக்கொண்டு உங்கள் வக்கீலோடு உட்காருங்கள். மெமோவில் இருப்பது, உள்விசாரணையில் அந்த சூப்பர்வைசர் சொன்னது, கோர்ட்டில் சொன்னது, மூன்றையும் வரிவரியாக ஒப்பிடுங்கள். முரண்பாடு அதில் தெரிந்தால் எழுத்துமூல வாதத்தில் கொடுத்துவிடலாம், அவர் தடுமாறியதைப் புது நீதிபதி பார்க்காதது பெரிய இழப்பில்லை. காகிதத்தில் எதுவும் தெரியவில்லையென்றால் மட்டும் அந்த சூப்பர்வைசரைத் திரும்பக் கூண்டுக்கு அழைக்க மனுப் போடுவதை யோசியுங்கள். சாட்சியைத் திரும்ப அழைக்கும் அதிகாரம் முக்கியமாக நீதிமன்றம் தெளிவு பெறத்தான், விட்டுப்போனதை நிரப்ப அல்ல என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனு தள்ளுபடியாகலாம், வாய்தா ஏறும், சாட்சியும் இந்தத் தடவை தயாராக வருவார்.

இன்னொன்று. குற்றம் நிரூபணமானது என்றே முடிவானாலும், டிஸ்மிஸ் அதிகம் என்று தண்டனையைக் குறைக்க 1947 சட்டத்தின் 11ஏ பிரிவு நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. அப்பாவின் சர்வீஸ் ரெக்கார்டில் இதற்குமுன் மெமோ எதுவும் இல்லையென்றால், அதை வாதத்தில் தனியாக எடுத்துச் சொல்லும்படி வக்கீலிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.