சர்க்கரை நோய் வராமல் இருக்க இனிப்பை நிறுத்தினால் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஆண், வயது 38, பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை, உடற்பயிற்சி கிடையாது, அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, அப்பாவுக்கு இல்லை. அந்தப் பயத்தில் அல்வாவை விட்டாயிற்று, காப்பிக்குச் சீனியை நிறுத்திக் கருப்பட்டிக்கு மாறியாயிற்று, இது போதுமா?

போதாது. அல்வாவை விட்டது நல்லதுதான், ஆனால் அதன்மேல் இவ்வளவு பழி வேண்டாம். திருநெல்வேலியில் இருந்துகொண்டு தினமும் அல்வா தின்கிறவர் எத்தனை பேர்? வெளியூர்ச் சொந்தக்காரர் வந்தால் டவுனுக்குப் போய் அரைக் கிலோ வாங்கிக் கொடுத்து ரயிலேற்றி விடுவதோடு சரி. மூன்று வேளையும் தட்டில் விழுவது என்ன, தின்றுவிட்டு நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. எங்களிடம் வருகிறவர்களில் பீடி சுற்றும் பெண்கள் நிறைய. முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு இந்த வேலை உண்டு. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலரும் கேட்பது ஒன்றுதான்: “ஏம்மா, நான் இனிப்பே தொடமாட்டேன். காலைல இருந்து ராத்திரி வரைக்கும் உழைக்கேன். எனக்கு எப்படி வந்துச்சு?”

உழைப்பு உண்மை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்து, நனைத்த இலையை அளவுக்கு வெட்டி, தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி நூல் சுற்றி, ஒன்று முடிந்தால் அடுத்தது. கழுத்தும் விரலும் விட்டுப்போகும். கணக்குப் பீடியைச் சுற்றிக் கடையில் போடுகிறவரை நடுவில் எழுந்திருப்பது உலை வைக்கவும் பிள்ளைகளை அனுப்பவும்தான். ஆனால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அதிகம் வாங்கிச் செலவழிப்பவை தொடை, பிட்டம், முதுகு போன்ற பெரிய தசைகள். அவை அசையும்போது இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். விரல் எவ்வளவு வேகமாக ஓடினாலும் தொடைக்கு அது ஓய்வு நேரம். மடியில் இருப்பது பீடித் தட்டா, உங்கள் லேப்டாப்பா என்று அதற்குத் தெரியாது.

இதே பெண்களின் அம்மாமார் நடவு, களையெடுப்பு, கதிரறுப்பு என்று நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தவர்கள். ஆற்றுக்கோ அடிபம்புக்கோ குடத்தோடு நடந்தவர்கள். அவர்கள் தின்ற அதே அளவுச் சோற்றை நாமும் தின்கிறோம், அந்த நடையும் குனிவும் மட்டும் போய்விட்டன. அறுப்புக்கு மெஷின் வந்தாயிற்று. தெருமுனையில் பால் வாங்கக்கூடப் பைக் எடுக்கிறோம்.

சோற்றைப் பற்றி 2020-இல் ஓர் ஆய்வு வெளியானது. 21 நாடுகளில் 1,30,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு நாளைக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு சாப்பிடுகிறவர்களுக்கு, 150 கிராமுக்குள் சாப்பிடுகிறவர்களைவிடச் சர்க்கரை வரும் ஆபத்து கூடுதல். தெற்காசியாவில் அந்தக் கூடுதல் 61 சதவீதம். 450 கிராம் என்றதும் மலைப்பாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்த வீட்டில் உட்கார்ந்து பாருங்கள். முதல் தடவை சொதி, இரண்டாம் தடவையும் சொதி, கடைசியில் மோருக்கு ஒரு கை. அந்த ஒரு வேளையிலேயே கணக்கு முக்கால்வாசி முடிந்துவிடும். பிறகு, அதான் இஞ்சிப் பச்சடி இருக்கே, எல்லாம் செமிச்சிரும் என்று ஃபேனுக்குக் கீழே கட்டையைச் சாய்ப்பது.

சொதியை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. சொதி இல்லாத மறுவீட்டுச் சாப்பாடு ஒரு சாப்பாடா? சோற்றைப் பாதியாக்கி, அதில் கிடக்கும் காயை இரண்டு மடங்காக்குங்கள். மற்ற நாளில் கீரை, பயறு, மீன், முட்டை என்று ஏதாவது ஒன்று தட்டில் இடத்தை அடைத்துக்கொள்ளட்டும். சாப்பிட்டதும் படுக்காமல் தெருவில் கால் மணி நேரம் நடந்தால், ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிற ஏற்றம் குறையும். ஜிம்முக்குப் பணம் கட்டுவதைவிட இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அப்புறம் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, ருசியில் சீனி அதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் அதிலும் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். ‘இது நாட்டுப் பொருள், ஒண்ணும் செய்யாது’ என்று நாளுக்கு நாலு தம்ளர் குடித்தால், நாலு தம்ளர் இனிப்புக் காப்பி குடித்ததுதான்.

இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-இல் நம் நாட்டு மக்களுக்கென்றே ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார்கள். நாலே கேள்வி. வயது 35 முதல் 49 என்றால் 20. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சியும் இல்லை என்றால் 30. இதிலேயே உங்களுக்கு 60 வந்தாயிற்று. 60-உம் அதற்கு மேலும் அதிக ஆபத்து. நாலாவது கேள்வியான இடுப்புச் சுற்றளவுக்கு இன்னும் வரவே இல்லை. ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருந்தால் பூஜ்யம், 90 முதல் 99 வரை 10, 100-ஐத் தொட்டால் 20. பெண்களுக்கு ஒவ்வொன்றிலும் 10 செ.மீ. கழித்துக்கொள்ள வேண்டும். பேண்ட் சைஸை வைத்து இதைச் சொல்லாதீர்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடுகிற பேண்ட் எந்தக் காலத்திலும் 34-தான் காட்டும். இஞ்ச் டேப்பைத் தொப்புள் மட்டத்தில் பிடித்து, மூச்சை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும்.

இந்த நாலு கேள்வியில் அல்வா எங்கேயாவது வருகிறதா? வயதையும் அம்மாவையும் மாற்ற முடியாது. ஒழுங்காக உடற்பயிற்சி ஆரம்பித்தால் அந்த 30 இருபதாகும், உட்கார்ந்த வேலையை விடாமலே. இடுப்பு 90-க்குள் இருந்தால் மொத்தம் 50-க்கு வந்து நடுத்தர ஆபத்துக்கு இறங்கிவிடுவீர்கள். இது நோய் இருக்கிறதா என்று சொல்கிற கணக்கு இல்லை, யார் சீக்கிரம் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று சொல்கிற கணக்கு.

பழக்கத்தை மாற்றினால் பலன் உண்டா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். எல்லையில் நிற்கிறவர்களை, அதாவது சர்க்கரை கூடியும் நோய் அளவை இன்னும் தொடாதவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2002-இல் வந்தது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது ஆகிய இலக்குகளோடு இருந்த குழுவில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 2006-இல் சென்னையில் இருந்து வந்த ஆய்வில் குறைவு 28.5 சதவீதம்தான். ஆனால் அதில் சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்த குழுவுக்குக் கிடைத்ததும் 26.4 சதவீதமே. நடையும் சாப்பாடும் மாத்திரைக்குச் சளைக்கவில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புகைப்பவர்களுக்கு ஆபத்து 30 முதல் 40 சதவீதம் கூடுதல். ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா சால்னா, அப்புறம் ஒரு மணி வரை போன், காலை ஆறுக்கு அலாரம் என்று ஓடுகிற தூக்கமும் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. குழந்தைகளுக்கு வருகிற முதல் வகைச் சர்க்கரை மட்டும் இந்தப் பேச்சில் சேராது. ‘நான்தான் சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன்’ என்று லேப் வாசலில் அழுகிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நீங்கள் இந்த மாதமே டெஸ்ட் எடுத்துவிடுங்கள். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழ் நல்லது, 100 முதல் 125 வரை எல்லை, 126-உம் மேலும் நோய். 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் எல்லையில் நிற்கிறவர்கள் 13.6 கோடி, நோயே வந்தவர்கள் 10.1 கோடி. எல்லையில் பிடித்தால் திருப்ப வழி உண்டு. காசு யோசனை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் கிராமங்களில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

ஒன்றே ஒன்று. டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பிருந்து சோற்றைக் குறைத்துப் பத்தியம் இருந்துவிட்டு வராதீர்கள். வெறும் வயிற்று அளவு அழகாக வரும், ஹெச்பிஏ1சி என்கிற இன்னொரு ரத்த டெஸ்ட் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையின் கதையைச் சொல்லிவிடும், ரெண்டும் ஒத்துப்போகவில்லையே என்று மறுபடி ஊசி குத்துவோம். முந்தின நாள் ராத்திரி வரை வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு, எட்டு மணி நேரம் கழித்து வாருங்கள்.