ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5 இரண்டும் வைத்திருப்பவர் டவுன்லோடு கேம்களை எப்படித் தேர்ந்தெடுத்து வாங்குவது?

கையில் பிடித்தும் டிவியில் இணைத்தும் விளையாடக்கூடிய நின்டெண்டோ ஸ்விட்ச், டிவியில் விளையாடும் பிளேஸ்டேஷன் 5 என்ற இரண்டு கேம் கன்சோல்களும் வீட்டில் இருப்பதாகவும், தள்ளுபடி வரும்போதெல்லாம் வாங்கிய கேம்களில் பாதியை இன்னும் திறக்கவே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நானும் இவ்விரண்டையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். ஒரு கேமை வாங்கும் முன், அதை எங்கே உட்கார்ந்து, ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் விளையாடப் போகிறேன் என்பதைத்தான் முதலில் முடிவு செய்கிறேன். விமர்சகர்களின் மதிப்பெண்ணையும் தள்ளுபடியையும் அதற்குப் பிறகே பார்க்கிறேன்.

இந்தப் பழக்கம் ஒரு தவறான கொள்முதலால் வந்தது. படைகளை நகர்த்தி நாடு பிடிக்கும் கேம் ஒன்றைப் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஸ்விட்சுக்கு வாங்கினேன். டிவியில் தெளிவாகத் தெரிந்த வரைபடம் 6.2 அங்குலத் திரைக்கு வந்ததும், படைகளின் எண்ணிக்கை எறும்பு வரிசைபோல் சிறுத்துவிட்டது. எழுதியிருப்பது 3-ஆ 8-ஆ என்று அறிய கன்சோலை மூக்கருகே தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. எழுத்தைப் பெரிதாக்க அதில் வழியும் இல்லை. அன்றிலிருந்து ஒரு சோதனை செய்கிறேன். கேமின் படங்களை என் கைபேசியில் திறந்து, கைபேசியைப் படுக்கைவாட்டில் பிடித்துப் பார்ப்பேன். இரண்டு திரைகளும் ஏறத்தாழ ஒரே அளவு என்பதால், அங்கே படிக்க முடியாத எழுத்தை ஸ்விட்சைக் கையில் பிடித்து விளையாடும்போதும் படிக்க முடியாது. எழுத்து மிகுந்த கேம்களை இந்தச் சோதனை செய்யாமல் நான் வாங்குவதில்லை.

கையடக்கக் கன்சோலுக்கு எந்த இடத்திலும் நிறுத்தி எந்த இடத்திலும் தொடரக்கூடிய கேம்கள் பொருந்தும். 2018-இல் வந்த ‘செலஸ்ட்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மலையேறும் ஒரு பெண்ணின் கதை அது. ஒவ்வொரு திரையும் ஒரு சிறு புதிர். தவறி விழுந்தால் அதே திரையின் தொடக்கத்தில் உடனே எழுந்து நிற்கலாம் என்பதால், பத்து நிமிட ரயில் பயணத்தில்கூட ஏதோ ஒன்றைக் கடந்த நிறைவு கிடைக்கும். கடினமாக இருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் உதவி வசதியும் அதில் உண்டு. மாறாக, நீண்ட காட்சிகளும் நுணுக்கமான ஒலியும் கொண்ட பெரிய கதைக் கேம்களைப் பிளேஸ்டேஷனுக்கே ஒதுக்கிவிடுங்கள்.

வாங்கிய பின் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பிளேஸ்டேஷனின் இணையக் கடையில் வாங்கிய 14 நாட்களுக்குள், கேமை டவுன்லோடு செய்யத் தொடங்காமல் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நின்டெண்டோவின் கடையிலோ வாங்கி முடித்த கேமுக்குப் பொதுவாகப் பணம் திரும்பாது. ஆகவே டெமோ, அதாவது கேமின் தொடக்கத்தை இலவசமாக விளையாடிப் பார்க்கும் பகுதி, இருந்தால் அதைத் தவறாமல் விளையாடிப் பாருங்கள். ‘டிராகன் குவெஸ்ட் 11 எஸ்’ கேமுக்கு ஸ்விட்சில் தந்த டெமோ சுமார் 10 மணி நேரம் நீண்டது. விட்ட இடத்திலிருந்து முழு கேமில் தொடரவும் முடிந்தது. அவ்வளவு தாராளம் அரிது என்றாலும், அரை மணி நேர டெமோகூட ஒரு கேம் நம் கைக்கு ஒத்துவருமா என்று சொல்லிவிடும்.

கேம்களைச் சேமிக்கும் இட அளவைப் பொறுத்தவரை, முதல் ஸ்விட்சில் இருப்பது 32 ஜிபி மட்டுமே. 2023-இல் வந்த ஸெல்டா கேம் ஒன்றே அதில் ஏறத்தாழ பாதியை எடுத்துக்கொள்ளும் என்பதால் மெமரி கார்டின் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். ஸ்விட்சில் சில கேம்களின் பெயரோடு ‘கிளவுட் வெர்ஷன்’ என்று சேர்த்திருப்பார்கள். அவை உங்கள் கன்சோலில் இயங்குவதில்லை; தொலைவிலுள்ள சர்வரில் இயங்கி, இணையம் வழியே உங்கள் திரைக்கு வருகின்றன. இணையம் அறுந்தால் கேமும் நின்றுவிடும். அவற்றை நான் வாங்குவதே இல்லை.

திறக்காத கேம்களைச் சேர்த்து வைப்பதைப் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. நின்டெண்டோவின் பழைய கன்சோல்களில் வீ-யின் இணையக் கடை 2019 ஜனவரியிலும், 3டிஎஸ், வீ யூ ஆகியவற்றின் கடை 2023 மார்ச் 27-ஆம் தேதியும், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலின் கடை 2024 ஜூலையிலும் மூடப்பட்டன. ‘தி க்ரூ’ என்ற கார் பந்தயக் கேம் இயங்கத் தேவையான சர்வர்கள் 2024 மார்ச் இறுதியில் நிறுத்தப்பட்டபோது, பணம் கொடுத்து வாங்கியவர்களாலும் அதன்பின் விளையாட முடியவில்லை. டவுன்லோடு கேமில் நமக்குக் கிடைப்பது விளையாடும் அனுமதி மட்டுமே. அந்த அனுமதி இருக்கும்போதே விளையாடிவிட வேண்டும். அதனால் விரும்பும் கேமை விருப்பப் பட்டியலில் மட்டும் போட்டு வைத்துவிட்டு, கையிலுள்ளதை முடித்த வாரத்தில்தான் அடுத்ததை வாங்குகிறேன். தள்ளுபடிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. தவறவிட்டதாக நான் வருந்திய கேம் எதுவும் இதுவரை இல்லை.

கேம் நீளமாக இருந்தால்தான் கொடுத்த காசுக்குத் தகும் என்று பலர் எண்ணுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. 2023-இல் வந்த ‘வெண்பா’ ஒன்றரை மணி நேர அளவில் முடிந்துவிடும். 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை, கிழிந்தும் கறைபட்டும் போன அம்மாவின் சமையல் குறிப்பேட்டைக் கொண்டே சொல்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று யோசித்து நின்ற அந்தச் சில நிமிடங்கள், நூறு மணி நேரம் செலவழித்த சில கேம்களைவிட எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. உங்கள் இரண்டு கன்சோல்களிலும் அது கிடைக்கும். ஸ்விட்சுக்கு வாங்கி, ஒரே இரவில், வீட்டாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு விளையாடுங்கள்.